வேணும்னே கிழிச்ச சத்தம்

ஹெட்போன்ல கேட்கிறவங்க அடுத்த பத்து வினாடிக்கு மட்டும் வால்யூமைக் கொஞ்சம் குறைச்சு வெச்சுக்கோங்க.

(கிட்டார் ஒலி)

இப்போ நீங்க கேட்டது ஒரே ஒரு கிட்டார். வாசிச்சது ரெண்டே ரெண்டு ஸ்வரம்: ஸ, ப. ஆனா ஏதோ லாரி மலையேறுற மாதிரி கேட்டுச்சு, இல்லையா? அதுக்குக் காரணம் ஹை-கெயின் டியூப் ஆம்ப்ளிபையர். நம்ம ஊர் பாஷையில் வால்வு ஆம்ப்ளிபையர். இதைப் பதிவு செய்த இடம் சென்னை ஸ்டுடியோ கிடையாது. சாலவாக்கம். செங்கல்பட்டுக்கும் உத்திரமேரூருக்கும் நடுவில் இருக்கிற எங்க அம்மாவோட ஊர். அங்கே என் மாமாவின் பழைய மைக் செட் ஷெட்.

மாமா நாற்பது வருஷத்துக்கு மேல் மைக் செட் போட்டவர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா, விடிய விடிய நடக்கும் கூத்து, கடைசியில் சாவு வீடு. நான் பகலில் கோடு எழுதுறவன், ராத்திரியில் கிட்டார் வாசிக்கிறவன். எங்க ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கு. இன்றைய எபிசோட் அந்தக் குப்பியின் வரலாறு.

நூறு வாட் முன்னாடி முதல் நாள்

காலேஜ் மூணாவது வருஷம். அதுவரைக்கும் என்கிட்ட இருந்தது ஒரு சின்ன பிராக்டிஸ் ஆம்ப். நண்பர்களோடு மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஒரு ஜாம் ரூமுக்குப் போனோம். அங்கே நூறு வாட் டியூப் ஹெட், கீழே நாலு ஸ்பீக்கர் வைத்த பெட்டி. பவர் ஸ்விட்சைப் போட்டால் சத்தமே வராது. வால்வு சூடாகணும். ஒரு நிமிஷம் கழித்து ஸ்டாண்ட்பை ஸ்விட்ச். உள்ளே ஆரஞ்சு வெளிச்சம். கெயின் குமிழை எட்டில் வைத்தேன்.

கம்பியைத் தொடுவதற்கு முன்பே ‘உஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல். அப்புறம் ஒரு ஸ்வரம் வாசித்தேன். நான் வாசித்தது ஒரு கம்பி, கேட்டது ஆறு கம்பி. விரல் லேசாகப் பட்டது, உரசியது, சும்மா அதிர்ந்தது எல்லாமே வெளியே வந்தது. ரெண்டு வருஷமாக நான் எவ்வளவு அசிங்கமாக வாசித்துக்கொண்டிருந்தேன் என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது. அங்கே இருந்த அண்ணன் ஒருத்தர் சிரித்தார். “கெயினைப் பாதியாக்கு. வலது உள்ளங்கையால மத்த கம்பியை அமுக்கு” என்றார்.

அமுக்கினேன். அப்புறம் ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு எதிரே நின்றேன். சாதாரணமாக ரெண்டு மூணு வினாடியில் தேய்ந்துபோகும் ஸ்வரம், போகவே மாட்டேன் என்று நின்றது. மெதுவாக மேல் ஸ்தாயிக்குத் தாவி, அங்கேயும் நின்றது. வயிற்றுக்குள்ளே அதிர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனசில் இருந்த கேள்வி இதுதான்: இந்தச் சத்தத்தை யார் கண்டுபிடித்தது? பதில் தேடிப் போனால், யாரும் கண்டுபிடிக்கவில்லை. எல்லாரும் தவிர்க்கப் பார்த்த ஒரு கோளாறு இது.

மதகு

வால்வு எப்படி வேலை செய்யும் என்று சொல்ல எங்க பக்கத்து உதாரணமே போதும். எங்க பக்கம் முழுக்க ஏரிப் பாசனம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு, பராந்தகச் சோழன் காலத்தது, 919, 921 என்று ரெண்டு ஆண்டுகளில் வெட்டியது. குடவோலைத் தேர்தலுக்காக எல்லாருக்கும் தெரியும். அதில் தேர்ந்தெடுக்கிற குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்ள மட்டுமே ஒரு குழு. அவ்வளவு முக்கியம் ஏரி, அவ்வளவு முக்கியம் மதகு.

மதகுப் பலகையை ஒரு ஆள் கொஞ்சம் தூக்கினால் ஊருக்கே தண்ணீர் பாயும். அவர் கையின் பலம் சின்னது, தண்ணீரின் பலம் பெரியது. சின்ன அசைவு பெரிய ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. 1906-ல் அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் செய்தது இதைத்தான். அதற்கு ரெண்டு வருஷம் முன்பு இங்கிலாந்தில் ஃபிளெமிங் செய்த வால்வில் ரெண்டு மின்முனைகள்தான் இருந்தன. டி ஃபாரஸ்ட் நடுவே மூன்றாவதாக ஒன்றை நுழைத்தார். அதுதான் மதகுப் பலகை. பிற்காலத்தில் அதற்குக் கம்பி வலை வடிவம் வந்தது, ‘கிரிட்’ என்று பெயர். சூடான முனையிலிருந்து எலக்ட்ரான் ஓட்டம், நடுவே கிரிட். மைக்கில் இருந்தோ கிட்டாரில் இருந்தோ வரும் துளி மின்னழுத்தம் கிரிட்டை ஆட்டும். பெரிய ஓட்டம் அதே மாதிரி ஆடும். இதுதான் ஆம்ப்ளிபையர்.

இப்போ முக்கியமான விஷயம். மதகை முழுசாத் திறந்த பிறகு இன்னும் தூக்கினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. தண்ணீர் அதே அளவுதான் வரும். முழுசா மூடிய பிறகு இன்னும் அழுத்தினாலும் அப்படியே. வால்வும் அதேதான். மேலே ஒரு எல்லை, கீழே ஒரு எல்லை. அதைத் தாண்டி ஆட்டினால் அலையின் தலையும் காலும் வெட்டுப்படும். இன்ஜினியர்கள் இதை ‘கிளிப்பிங்’ என்பார்கள். மாமா “கிழியுது” என்பார்.

கிழியாமல் பார்த்துக்கொள்வதே தொழில்

வால்வு நம்ம ஊருக்கு வந்தது பேச்சுக்காக. 1924-ல் சென்னையில் ரேடியோ கிளப் ஆரம்பித்தது. 1930-ல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பைத் தன் கையில் எடுத்தது. வீட்டில் ரேடியோ வாங்க முடியாதவர்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். 1931-ல் கராச்சி காங்கிரஸ் மாநாட்டுக்கு பம்பாயின் சிகாகோ ரேடியோ நிறுவனம் ஒலிபெருக்கி கொடுத்தது. காந்தி, நேரு பேசும் பழைய போட்டோக்களில் மைக் மேலே அந்தப் பெயரைப் பார்த்திருப்பீங்க. அதன் பிறகு தமிழ்நாட்டு அரசியலை மைக் இல்லாமல் யோசிக்கவே முடியாது. மேடைப் பேச்சு இயக்கமே வளர்ந்தது மைக் முன்னால்தான்.

அதே தொழில்நுட்பம் மெதுவாக ஊர் ஊராக இறங்கியது. ஒரு வால்வு ஆம்ப்ளிபையர், ஒரு ரெக்கார்ட் பிளேயர், தென்னை மரத்தில் கட்டிய ரெண்டு குழாய் ஸ்பீக்கர். மைக் செட்.

மாமாவிடம் கேட்டேன்: “இந்தத் தொழில்ல கஷ்டமான விஷயம் எது மாமா?” கம்பம் ஏறுவது, மழை, ஷாக் என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்னது: “குரல் கிழியக்கூடாது. கூத்துல கடைசி வரிசையில தூங்கி வழியிற கிழவிக்கும் துரியோதனன் இன்னா சொல்றான்னு புரியணும். சத்தமா வெக்க எவனுக்கும் தெரியும். புரியற மாதிரி வெக்கணும்.”

கட்டியங்காரன் மெதுவாகப் பேசுவான், அடுத்த வினாடி வேஷக்காரர் அடித்தொண்டையில் பாடுவார். குமிழில் கை வைத்தபடியே விடிய விடிய உட்கார்ந்திருக்க வேண்டும். கிழிந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். அடுத்த வருஷம் வேற செட்காரருக்கு வெற்றிலை பாக்கு போய்விடும்.

வேணும்னே கிழித்தவர்கள்

அதே கண்ணாடிக் குப்பி மேற்கே வேறு ஆட்கள் கையில் கிடைத்தது. டான்ஸ் ஹாலில் டிரம்ஸ் சத்தத்துக்கு ஈடுகொடுக்க கிட்டார்காரர்கள் குமிழைக் கடைசி வரை திருப்பினார்கள். கிழிந்தது. சிலருக்கு அது பிடித்துப்போனது. 1964-ல் லண்டனில் தி கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஒரு படி மேலே போனார். பிளேடு எடுத்து ஸ்பீக்கர் காகிதத்தையே கிழித்தார். ‘யூ ரியலி காட் மீ’ பாட்டில் கேட்கும் கரகரப்பு அதுதான். கிழிந்த சத்தம் என்று நம்ம ஊரில் சொல்வது அங்கே நிஜமாகவே நடந்தது.

அதே சமயம் லண்டனின் மேற்கே ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்ற டிரம்ஸ் வாத்தியார் 1960-ல் ஒரு இசைக்கருவிக் கடை திறந்தார். கடைக்கு வரும் பையன்கள் கேட்டது அமெரிக்க ஃபெண்டர் ஆம்ப்ளிபையர். விலை கட்டுப்படியாகவில்லை. 1962-ல் மார்ஷலும் கென் பிரான், டட்லி கிரேவன் என்ற ரெண்டு டெக்னீஷியன்களும் ஃபெண்டர் பேஸ்மேன் சர்க்யூட்டைப் பார்த்து ஒன்று செய்தார்கள். கிட்டத்தட்ட ஈயடிச்சான் காப்பி. ஆனால் முதல் வால்வு மாறியது. ஃபெண்டரில் இருந்த வால்வின் பெருக்கும் எண் சுமார் 44. மார்ஷல் போட்ட இசிசி83 வால்வுக்கு 100. அதனால் சீக்கிரமே கிழிந்தது. பையன்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அடுத்த திருப்பம் கலிபோர்னியாவில். ராண்டால் ஸ்மித் என்ற ரிப்பேர்காரர், மெசா பூகி நிறுவனத்தை ஆரம்பித்தவர், 1970-களின் தொடக்கத்தில் ஒரு வேலை செய்தார். முன்பகுதியில் கூடுதலாக ஒரு வால்வு நிலையைச் சேர்த்தார். ஒவ்வொரு நிலைக்கும் நடுவே தனித்தனிக் குமிழ். கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு நிலை 50 மடங்கு பெருக்கினால், ரெண்டு நிலை 2,500 மடங்கு, மூணு நிலை 1,25,000 மடங்கு. நடைமுறையில் நடுவில் குறைத்துக் குறைத்துத்தான் அனுப்புவார்கள். ஆனாலும் முதல் வால்வு ரெண்டாவதைக் கிழிக்கும், ரெண்டாவது மூணாவதைக் கிழிக்கும். கடைசிக் குமிழைக் குறைத்தால் சின்ன அறையிலும் அந்தச் சத்தம் கிடைக்கும். இதுதான் ஹை-கெயின். 1987-ல் சோல்டானோ எஸ்எல்ஓ-100, 1992-ல் பீவி 5150 என்று வரிசையாக வந்தன. மெட்டல் இசை கேட்கிறவர்களுக்கு இந்தப் பெயர்கள் பாட்டி வைத்தியம் மாதிரி மனப்பாடம்.

கோளாறு ஏன் இனிக்கிறது?

இதற்கு என்னிடம் இருக்கிற பதில் கணக்கும் சங்கீதமும் கலந்தது. அலை வெட்டுப்படும்போது இல்லாத ஸ்வரங்கள் பிறக்கின்றன. 100 ஹெர்ட்ஸில் ஸ வாசித்தால் 200-ம் 300-ம் கூடவே வரும். 200 என்பது மேல் ஸட்ஜம். 300 என்பது அதற்கு மேலே இருக்கிற பஞ்சமம். ஸ-வைக் கிழித்தால் உள்ளேயிருந்து ப வருகிறது.

அடுத்தது இன்னும் அழகு. 200-ல் ஸ, 300-ல் ப, ரெண்டையும் சேர்த்துக் கிழித்தால், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசமான 100-ம் பிறக்கும். அது கீழ் ஸ்தாயி ஸட்ஜம். யாருமே வாசிக்காத ஸ்வரம். எபிசோட் ஆரம்பத்தில் ரெண்டே ஸ்வரம் லாரி மாதிரி கேட்டதற்கு இதுதான் காரணம். அதே ஆம்பில் நடுவே ஒரு காந்தாரத்தைச் சேர்த்துப் பாருங்க, குழம்பிப் போகும். அதனால்தான் மெட்டல்காரர்கள் பெரும்பாலும் ஸ-ப மட்டும் வாசிக்கிறார்கள்.

ஸ-வும் ப-வும் மட்டும் ஒலித்துக்கொண்டே இருக்கிற வாத்தியம் ஒன்று நமக்குத் தெரியும். தம்புரா. அதன் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலை வைத்து நகர்த்தி நகர்த்திச் சரி செய்வார்கள். ஜீவா என்று பெயர். நூல் இல்லாவிட்டால் தந்தி சுத்தமாக ஒலிக்கும், ஆனால் உயிர் இருக்காது. நூல் இருந்தால் தந்தி குதிரையில் உரசி, மேல் ஸ்வரங்கள் எல்லாம் விரியும். சுத்தத்தைக் கொஞ்சம் கெடுத்து உயிரை வரவழைக்கிற வேலை நமக்கு ராக் இசை வந்துதான் தெரிய வேண்டும் என்றில்லை.

தமிழ்நாட்டில் இதை நேரடியாகச் செய்து காட்டியவர்களும் உண்டு. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) எலக்ட்ரிக் மாண்டலினுக்கு மாறினார், இரட்டைத் தந்திகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் வைத்துக்கொண்டார். மீட்டியவுடன் தேய்ந்துபோகும் ஸ்வரத்தில் கமகம் நிற்காது. மின்சாரம் அந்த ஸ்வரத்துக்கு ஆயுள் கொடுத்தது. ராணிப்பேட்டையிலிருந்து வந்த கிட்டார் பிரசன்னா ஐஐடி மெட்ராஸில் கப்பல் கட்டும் துறை படித்துவிட்டு பெர்க்லீ இசைக் கல்லூரிக்குப் போனவர். 2006-ல் ஜிமி ஹென்ட்ரிக்ஸை நினைத்து ‘எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ என்று ஒரு ஆல்பமே வெளியிட்டார். கர்நாடக ராகமும் ராக் கிட்டாரும் அதில் ஒரே கையில் இருக்கும். 2010-ல் அவர் தலைமையில் ஸ்வர்ணபூமி இசை அகாடமி தொடங்கிய இடம் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் கடற்கரைப் பக்கம்தான்.

ஒரு குப்பி மிச்சம்

1947-ல் டிரான்சிஸ்டர் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ரேடியோ, டிவி, மைக் செட் எல்லாவற்றிலிருந்தும் வால்வு வெளியேறியது. இப்போது சின்ன வால்வுகளை உயிரோடு வைத்திருப்பவர்களில் பெரும்பங்கு கிட்டார்காரர்கள். அவற்றைச் செய்யும் தொழிற்சாலைகள் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று விரல் விட்டு எண்ணும் அளவுதான். 2022-ல் போர் ஆரம்பித்ததும் ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்த, உலகம் முழுக்க கிட்டார்காரர்கள் வால்வுக்கு அலைந்தார்கள்.

என் தொழிலில் இதெல்லாம் ஒரே வரி. அலையை எடுத்து ஒரு ‘டான்-ஹைப்பர்பாலிக்’ ஃபங்ஷனில் போட்டால் தலையும் காலும் மழுங்கிவிடும். இப்போது நியூரல் நெட்வொர்க்கே உண்மையான ஆம்பைக் கேட்டுக் கற்றுக்கொள்கிறது. கண்ணை மூடிக் கேட்டால் பல சமயம் எனக்கே வித்தியாசம் தெரியாது. அப்போ வால்வுக்கு என்ன மரியாதை மிச்சம்? அந்தக் கேள்வியோடுதான் போன மாதம் சாலவாக்கம் போனேன், 15 வாட் சின்ன டியூப் ஹெட்டைத் தூக்கிக்கொண்டு.

என் உள்திட்டம் வேற. மாமாவின் பழைய வால்வு ஆம்ப்ளிபையரில் கிட்டாரைச் சொருகி எபிசோட் பண்ணணும். ஷெட்டில் அது இல்லை.

“அதை எப்பவோ எடைக்குப் போட்டாச்சேப்பா. டிரான்ஸ்ஃபார்மர்ல செம்பு இருக்குன்னு வாங்கிக்கினு போனான்.”

கொஞ்ச நேரம் எனக்குப் பேச வரவில்லை. கூம்பு ஒலிபெருக்கிக்குத் தடை வந்தது, ராத்திரி பத்து மணிக்கு மேல் மைக் போட முடியாது என்று 2000-ல் விதி வந்தது, பாக்ஸ் ஸ்பீக்கரும் டிஜேவும் வந்தன. மாமாவின் இடது காதும் போய்விட்டது. குழாய் பக்கத்திலேயே நின்ற காது. விடாமல் ‘கொய்ங்’ என்று இரைகிறது என்பார். ஆம்ப்ளிபையர் போனதைப் பற்றி அவர் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. எனக்குத்தான் வரலாறு, அவருக்கு அது ஓடாத சாமான்.

அப்புறம் மேஜை டிராயரைக் குடைந்து, பஞ்சில் சுற்றிய ஒன்றை எடுத்தார். ஒரே ஒரு குப்பி. கண்ணாடியில் அழிந்தும் அழியாமலும் எழுத்து: பிஇஎல், இசிசி83. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் செய்த வால்வு. மார்ஷல் போட்ட அதே ரகம்.

என் ஆம்பின் ஓட்டை வழியே மாமா உள்ளே பார்த்தார். எண்ணினார்.

“இது நம்ம வால்வுதானே? அஞ்சு கீது? மைக்குக்கே ரெண்டு போதுமே. கிட்டாருக்கு எதுக்கு அஞ்சு?”

“எல்லாமே அதுக்கில்ல மாமா. ஆனா மூணு, ஒண்ணை ஒண்ணு ஓவர்லோட் பண்றதுக்கு.”

“வேணும்னேவா?”

“வேணும்னேதான்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் வாழ்க்கை முழுக்கத் தடுத்த விஷயத்தை நான் ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன்.

ஆம்பை அணைத்து, ஆறவிட்டு, முதல் வால்வைக் கழற்றி மாமாவின் குப்பியைப் போட்டோம். (இதை நீங்க வீட்டில் செய்யாதீங்க. உள்ளே முந்நூறு, நானூறு வோல்ட் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் நிற்கும்.) சூடானது. வேலை செய்தது. கெயின் எட்டில் வைத்து ஸ-ப வாசித்தேன். அதுதான் நீங்கள் முதலில் கேட்டது. மாமா வலது காதைத் திருப்பிக் கேட்டார்.

“கிழியுது,” என்றார். கொஞ்சம் கழித்து, “ஆனா விடமாட்டேங்குதே. நாயனம் மாதிரி நிக்குது.”

அப்புறம் அவரே குமிழைப் பிடித்தார். “நீ வாசிச்சிக்கினே இரு” என்றார். எட்டிலிருந்து ஆறு, ஐந்து, நாலு. கொஞ்சம் கீழே, மறுபடி ஒரு முடியளவு மேலே. நிறுத்தினார். மெதுவாக மீட்டினால் கண்ணாடி மாதிரி சுத்தம். அழுத்தி மீட்டினால் ஓரத்தில் லேசாகக் கிழிகிறது. கிட்டார்காரர்கள் இந்த இடத்தைத் தேடி மணிக்கணக்கில் குமிழைத் திருப்புவார்கள். நானும் திருப்பியிருக்கிறேன். ஒரு காது போன ஒருத்தர் அரை நிமிஷத்தில் அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

“இதுக்கு மேல போனா போச்சு,” என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்பது வருஷம் அந்த எல்லைக்கு ஒரு நூல் முன்னாடி நிறுத்திக்கொண்டே இருந்தவருக்கு எல்லை எங்கே என்று தெரியாமல் இருக்குமா? கிழிக்கிறவனுக்கும் கிழியாமல் காக்கிறவனுக்கும் தெரிய வேண்டியது ஒரே இடம். நான் அந்தப் பக்கத்திலிருந்து தேடினேன், அவர் இந்தப் பக்கத்திலிருந்து காவல் காத்தார். மென்பொருளுக்கு ஆம்பின் சத்தத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டோம். அந்தக் கை எங்கே நிற்கும் என்பதை யாரும் பதிவு செய்யவில்லை. எடைக்குப் போனது ஆம்ப்ளிபையர் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

குமிழ் நின்ற இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். மூணுக்கும் நாலுக்கும் நடுவே.

உங்க ஊரில் பழைய மைக் செட்காரர் யாராவது இருந்தால் போய்ப் பாருங்க. பழைய ஆம்ப்ளிபையர் இருக்கா என்று கேட்காதீங்க, அநேகமாக இருக்காது. எந்த இடத்தில் நிறுத்துவீங்க என்று கேளுங்க. அதைப் பதிவு செய்து எங்களுக்கு அனுப்புங்க.

இப்போ வால்யூமைப் பழையபடி வெச்சுக்கலாம். மாமா நிறுத்திய இடத்தில் வாசித்ததோடு முடிக்கிறேன். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.

(கிட்டார் ஒலி)